முப்பத்தேழாம் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் வாஃபிள் என்னும் கட்டம் போட்ட அப்பம் சுடுவார்கள். அதைச் சுடும் வார்ப்பிரும்புக் கல்லைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி மேலே போட்டுச் சூடாகத் தின்றால் நன்றாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. வருடம் ஒருமுறை நடக்கும் என் வெள்ள ஒத்திகையையும் அந்த வாஃபிளோடு சேர்த்து வைத்தார்களே, அதுதான் குறை.

ரன்வெய்க் எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். நிதானமாகச் சொன்னால்தான் விளங்கும்.

நாங்கள் நடத்துவது இணைய விளையாட்டு. எந்த நேரமும் மூன்று லட்சம் பேராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். சர்வர்கள் எல்லாம் ஆற்றங்கரையில், எங்கள் அலுவலகம் இருக்கும் பழைய காகித ஆலையின் நிலவறையில். ஆறு பொங்கினால் முதலில் நனைவது அவைதான். அதனால் மலைமேல் இன்னொரு கூடம் வைத்தோம், அதே சர்வர்களின் நகலோடு. நிலவறைத் தரை நனைந்தால் ஒரு சென்சார் ஆட்டத்தைத் தானாக மேலே மாற்றிவிடும். அது மாற்றாவிட்டால் ஆள் நிலவறைக்கு இறங்கிப் போய்ச் சுவரிலுள்ள பெரிய சுவிட்சைத் திருப்ப வேண்டும். அந்தச் சுவிட்சை மாடிக்கு மாற்றுங்கள் என்று நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்தத் திட்டம் முழுவதும் நான் எழுதியது. பதினோரு வருட உழைப்பு, தொண்ணூறு பக்கம். ஒத்திகையன்று ஜாம் ஒட்டிய விரலோடு எல்லோரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். வேறு பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். மேலாளர் ஸ்டெய்னார் என்னை நோவா என்றுதான் கூப்பிடுவான்.

"வாப்பா நோவா, கப்பல் கட்டியாச்சா? ஜோடி ஜோடியா ஏத்தறப்போ என் மாமியாரை மட்டும் மறந்துடு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

இரண்டு வருடம் முன்பு ஆறு பொங்கியபோது ஆட்டம் நான்கு நொடியில் மேலே மாறிவிட்டது. ஆடியவர்களுக்குத் தெரியக்கூட இல்லை. "ஒண்ணுமே ஆகலையே, அப்புறம் எதுக்கு அந்த மேல் கூடம்?" என்றான் ஸ்டெய்னார். வருகிற இலையுதிர் காலத்தில் அதை மூடுவதாக இந்த வருடம் முடிவாயிற்று. ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டவனுக்கு இதுதான் மரியாதை. இருக்கும்போது அருமை தெரியாது என்பார்கள். அப்படியானால் கொஞ்ச நேரம் இல்லாமல் இருந்து பார்க்கட்டும் என்று தோன்றியது.

மே மாதம் பனி உருகத் தொடங்கியது, மழையும் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை நிலவறைக்குப் போய்ச் சென்சாரின் வயரைக் கழற்றினேன். ஒரே ஒரு திருகுதான். நாற்பது நிமிடம் ஆட்டம் நின்றால் போதும் என்று நினைத்தேன். அதற்குள் யாராவது என் திட்டத்தைத் திறந்து பார்த்துச் சுவிட்சைத் திருப்ப இறங்குவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆற்றங்கரையிலிருந்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வெள்ளப் பணிக்கு இரண்டு பேர் பெயர் போட்டிருந்தது, ரன்வெய்க்கும் நானும். எட்டு மாதம் முன்புதான் வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவள் அவள். அவள் ஆலையில் இருந்தாள். நான் சர்ச் மேட்டில் காரை நிறுத்தி, ஃபிளாஸ்க் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஆலை நன்றாகத் தெரியும். மதியம் ஒன்று நாற்பதுக்கு அவள் கூப்பிட்டாள்.

"ஐவிந், ஆட்டம் நின்னுடுச்சு. தானா மாறலை. முப்பத்தேழாம் பக்கம்தானே?"

"நீ படிச்சிருக்கியா?"

"மூணு தடவை. நல்லாத்தான் எழுதியிருக்கே, மத்தவங்கதான் சோம்பேறிங்க. தண்ணி இன்னும் கணுக்கால் அளவுதான். நீ எங்க இருக்கே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

"வந்துட்டே இருக்கேன். ஏழு நிமிஷம்."

காரை நான் எடுக்கவில்லை. ஆட்டம் நின்று மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. உடனே ஸ்டெய்னார் கூப்பிட்டான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னான்.

"ஐவிந், ஆளாளுக்கு என்னைக் கிழிக்கறாங்க. உன் திட்டத்துல என்னதான் இருக்கு, சொல்லு."

சொன்னேன். முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன். அவன் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இருபத்தைந்து நிமிடம் பேசினேன். நடுவே ரன்வெய்க் இரண்டு முறை கூப்பிட்டாள். பேச்சை முறிக்க எனக்கு மனம் வரவில்லை.

நிலவறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே தண்ணீர் ஏறினால் அதுவே கதவை அழுத்திச் சாத்திவிடும். பிறகு உள்ளிருந்து இழுத்துத் திறக்க முடியாது. அதனால்தான் முப்பத்தேழாம் பக்கத்தில் ஐந்தாம் படியாக எழுதினேன்: இரண்டாம் ஆள் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகே முதல் ஆள் இறங்க வேண்டும். அவள் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தாள். பிறகு வாஃபிள் கல்லைத் தூக்கி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். ஆற்றுப் பக்கத்துச் சன்னல் உடைந்து தண்ணீர் பாய்ந்ததும் கல் சறுக்கிக் கதவு சாத்திக்கொண்டது.

அப்படியும் அவள் சுவிட்சைச் சரியாகத் திருப்பினாள். இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு ஆட்டம் திரும்பி வந்தது. "வந்துடுச்சு ஐவிந், நீ கில்லாடிப்பா," என்றான் ஸ்டெய்னார். அதன் பிறகுதான் காரை எடுத்தேன். நான் போனபோது தண்ணீர் கதவை மூழ்கடித்துப் படிக்கட்டின் மேற்படி வரை வந்துவிட்டிருந்தது.

அவள் சட்டைப்பையில் இருந்த முப்பத்தேழாம் பக்கத் தாளை எனக்குக் காட்டினீர்கள். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு படிக்கும் நேரம் குறித்து முதலெழுத்துப் போட்டிருந்தாள். ஐந்தாம் படிக்கு எதிரே மட்டும் 'ஐவிந் வருகிறான், 1.42' என்று இருந்தது.

மேல் கூடத்தை இப்போது மூடவில்லை. சுவிட்சும் மாடிக்குப் போகிறதாம். என் திட்டம் எல்லோர் மேசையிலும் இருக்கிறது, ஸ்டெய்னாரே அச்சடித்துக் கொடுத்திருக்கிறான்.

வயரைக் கழற்றியது நான்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேட்டிலேயே உட்கார்ந்திருந்ததும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திட்டத்தில் தவறு இருந்ததாக எழுதாதீர்கள். பதினோரு வருடத்தில் அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவள். ஐந்தாம் படியை மட்டும் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருக்கலாம்.