காய்ச்சல்ல போச்சு

இல்லக்கா, மீன் சாகல. அதத்தான் சொல்ல வர்றேன், ஒண்ணுகூடச் சாகல. சூரியகாந்தி வெத வேணாம், நீங்க கொறிங்க. உங்க நம்பர் என்ன, நாப்பத்தொண்ணா? எங்களுக்கு முப்பத்தெட்டு. இப்ப முப்பத்தஞ்சு காது டெஸ்டுக்கு உள்ள போயிருக்கு.

உங்க வீட்டுக்காரருக்கு எத்தன வருஷமா கேக்கல? ஆமாமா, தறி ஓட்டறவங்களுக்கு அப்படித்தான். என்னது, அவருக்குக் கேக்காததே உங்களுக்கு நல்லதா? சிரிக்க வைக்காதீங்கக்கா. சிரிச்சா அழுதுடுவேன் இப்ப.

அந்தா, தண்ணி மெஷின்கிட்ட நிக்குதே செவப்பு ஸ்வெட்டர், அதான் எம்பொண்ணு. மாய்மாய். அஞ்சு வயசு முடியல. ஊர்ல எங்க மாமியார்கிட்டதான் வளர்றா. வெள்ளிக்கிழம மத்தியானம் ஒரு ஊசி போட்டுட்டாங்க. கிருமியக் கொல்ற மைசின் ஊசி. எல்லாருக்கும் போடறதுதான், ஆனா அவளுக்குப் போடக்கூடாது. காதுக்குள்ள போயி முடிச்சுடும். முடிச்சுதா இல்லயான்னு பாக்கத்தான் வந்திருக்கோம்.

அதான் மீனப் பத்திச் சொன்னேன். நான் படிச்சவ இல்லக்கா. பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடத்துல மீனுக்குத் தீனி போட்டு, தொட்டி கழுவற ஆளு. எட்டு வருஷமா பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது. அந்த மீன் குஞ்சு ஒரு கண்ணிம மயிரு நீளந்தான் இருக்கும். அதோட உடம்போரமா வரிசையாப் புள்ளி. ஒவ்வொரு புள்ளிலயும் முடி மொளச்ச செல்லுங்க. நம்ம காதுக்குள்ள சத்தத்தப் புடிக்கற அதே ஜாதி. நமக்கு உள்ள, அதுக்கு வெளிய, அவ்வளவுதான். சாயம் விட்டுப் பாத்தா பச்சப்பசேல்னு மினுங்கும். அப்பறம் தண்ணில அந்த மைசின் மருந்த விடுவாங்க. ஒரு மணி நேரம். அந்தப் புள்ளிங்க ஒண்ணொண்ணா அணைஞ்சு போவும். மீனு பாட்டுக்கு நீந்தும்க்கா. துடிக்காது, ஒண்ணும் பண்ணாது.

போன வருஷம் நான் ஒரு தப்புப் பண்ணேன். சுடுதண்ணிப் பெட்டி இருபத்தெட்டு டிகிரில இருக்கணும். யாரோ முப்பத்தேழுல விட்டுட்டுப் போயிருக்காங்க, நான் கவனிக்காம குஞ்சுங்களத் தூக்கி வெச்சுட்டேன். அரமணி கழிச்சுப் பாத்தா பகீர்ங்குது. எடுத்து பழைய எடத்துல வெச்சுட்டு வாயே தொறக்கல. மறுநா அந்தக் குஞ்சுங்களுக்குத்தான் கோங் தம்பி, ஆராய்ச்சி பண்ற பையன், மருந்து விட்டிருக்கான். பாதிக்கு மேல அணையவே இல்ல! மூணு நாளு தலையப் பிச்சுக்கிட்டான். பாவமா இருந்துது, சொல்லிட்டேன். திட்டுவான்னு பாத்தா, ஏன்க்கா, சூப்பு வைக்கலாம்னு நெனச்சீங்களான்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கறான்.

அவந்தான் வெளக்கமாச் சொன்னான். கொல்லாத அளவு சூடு பட்டா செல்லு பயந்துடுமாம். பயந்துபோயி, உள்ள இருக்கறது கொலையாமத் தாங்கிப் புடிக்க எதையோ செஞ்சு வெச்சுக்குமாம். அப்பறம் வெஷம் வந்தா சமாளிச்சுக்குது. ஆனா சூடு முன்னாடி வரணும். பின்னாடி வந்து பிரயோசனம் இல்ல.

மாய்மாய்க்குக் காய்ச்சல் வந்தது வியாழக்கிழம சாயங்காலம். முப்பத்தொம்போது டிகிரி. ஊசி மறுநா மத்தியானம். பதினெட்டு மணி நேரம் சூட்டுல கெடந்திருக்காக்கா. மொதல்ல சூடு, அப்பறம் ஊசி. எங்க மாமியாரத் திருப்பித் திருப்பிக் கேட்டேன், எத்தன மணிக்கு ஒடம்பு சுட்டுது, எத்தன மணிக்குப் போட்டாங்கன்னு. நான் குத்தம் கண்டுபிடிக்கறேன்னு அவங்க மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க.

கேட்டேனே. நேத்து கோங் தம்பிக்கு போன் போட்டுக் கேட்டேன். அக்கா, மீனு வேற, கொழந்த வேறன்னான். அது எனக்குத் தெரியாதா? மீனுக்கு அணைஞ்சாலும் ரெண்டு நாள்ல திரும்ப மொளச்சுடும். நமக்குப் போனா போனதுதான்.

முப்பத்தாறு போயாச்சு.

மாமியாரத் திட்டாதீங்கக்கா. அவங்க மேல தப்பே இல்ல. எங்கண்ணனுக்குச் சுத்தமாக் காது கேக்காது. ஏழு வயசுல, இதே ஊசி. எங்கம்மா வழில வர்றது. பொம்பளைங்க வழியாத்தான் எறங்கும். எனக்கும் இருக்கு, நான் ஊசி போட்டுக்காததால தப்பிச்சேன். மருந்துச் செவிடுன்னு ஊருக்குத் தெரிஞ்சா அந்த வீட்டுப் பொண்ண யாரு எடுப்பா? யாரு கேட்டாலும் காய்ச்சல்ல போச்சுன்னு சொல்லணும்னு அம்மா பழக்கி வெச்சிருந்தாங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்க மாமியார் கேட்டாங்க, அண்ணனுக்கு என்னன்னு. நாந்தான் டீய ஊத்திக்கிட்டே சொன்னேன், காய்ச்சல்ல போச்சுன்னு.

அவங்க அத மறக்கவே இல்லக்கா. பேத்திக்கு விடிஞ்சும் காய்ச்சல் எறங்கலன்னதும் மாமன் மாதிரி காது போயிடுமேன்னு பதறிட்டாங்க. வயலுக்குக் குறுக்கால முதுகுல தூக்கிக்கிட்டே ஓடியிருக்காங்க, அறுபத்தாறு வயசுல. எங்க ஊரு வைத்தியர் மாத்திர போதும்னாராம். வேணாம், இருக்கறதுலயே வீரியமான ஊசியாப் போடுங்கன்னு இவங்கதான் கைய புடிச்சிருக்காங்க.

அட்டையா? குடுத்தாங்களே. பொறந்தப்பவே குதிகால்ல ரத்தம் எடுத்து, இன்னின்ன மருந்து ஆகாதுன்னு சீட்டு குடுத்தாங்க. எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டிக்கிட்டு வெளியூரு போயிருந்தாரு, நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இந்தா பாருங்க, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு இந்தப் பையோட உள்பக்கத் துணிய பிரிச்சு, வெச்சுத் தெச்சுட்டேன். அன்னிலருந்து என்கிட்டதான் இருக்கு.

முப்பத்தேழு. அடுத்தது நாங்கதான்.

வெள்ளிக்கிழம சாயங்காலமே ஊருக்குப் போயிட்டேன்க்கா. மூணு நாளா அவகூடவேதான் இருக்கேன். ஐயோ, அக்கா, கூப்பிடாதீங்க! அவ அந்தப் பக்கம் திரும்பி நிக்கறா. சத்தம் போட்டுக் கூப்பிடாதீங்க. மூணு நாளா நான் பின்னால நின்னு அவ பேரச் சொல்லவே இல்ல.

இருங்க, இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. நானே போயி தோளத் தொட்டுக் கூட்டிட்டு வர்றேன்.