மாலைப் பாலில் கலந்த மாத்திரை

என் பெயரும் முகவரியும் முன்பக்கத்தில் எழுதியவாறே. வயது நாற்பத்தாறு. முதியோர் இல்லத்தின் மாடிப் பிரிவில் ஆயாவாக வேலை செய்கிறேன். இறந்துபோன டெய்லரம்மாவையும், எதிர் அறையிலிருக்கும் டிரைவர் ஐயாவையும் நான்தான் கவனித்து வந்தேன்.

டிரைவர் ஐயா பஸ் ஓட்டியவர். பொழுது சாய்ந்தால் வண்டி எடுக்க வேண்டும் என்று படிக்கட்டுக் கதவைப் பிடித்து உலுக்குவார். மாடிக்கு நான் ஒருத்தி. அவர் பின்னால் ஓடினால் மற்றவர்களுக்கு டயபர் மாற்ற முடியாது. தூக்கம் வராத இரவில் மட்டும் அரை மாத்திரை என்று டாக்டர் எழுதியிருந்தார். மாத்திரையாகக் கொடுத்தால் துப்பிவிடுவார் என்பதால் நான் அதைத் தினமும் மாலையிலேயே பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தேன். நர்சம்மா கண்டும் காணாமல் இருந்தார். ஆனாலும் கலந்தது என் கைதான்.

அதன் பிறகும் ஐயாவின் நடமாட்டம் குறையவில்லை. மருந்து போதவில்லை என்று முழு மாத்திரையாக்கி, பின்னர் இரண்டு மாத்திரையாக்கினேன். அவருடைய மாத்திரை அட்டை தீர்ந்தபோது வேறொருவர் அட்டையிலிருந்து எடுத்தேன். அந்த நாட்களில் டெய்லரம்மா சாப்பாட்டு மேசையிலேயே தலையைத் தொங்கப்போட்டார். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவரும் தூங்கியது எனக்கு வசதியாக இருந்தது. அவர் மகன் வந்தபோது, அம்மா இப்போதெல்லாம் ரொம்பச் சமத்து என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அதன் பிறகு சென்ற செவ்வாய் மாலை டெய்லரம்மா கழிவறைக்குப் போகும்போது கால் பின்னி விழுந்து, தலையில் அடிபட்டு, மருத்துவமனையில் இறந்தார். டிரைவர் ஐயாவிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் நான் பால் கொண்டுபோனபோது அவர் டம்ளரை வாங்கவில்லை.

"அந்தம்மா வரட்டும். எனக்குத்தான் பால் பிடிக்காதே, தினமும் அவங்கதான் குடிப்பாங்க. குடிச்சா நல்லாத் தூக்கம் வருதாம்" என்றார்.

அந்தப் பாலைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன். டம்ளரை வைத்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவதே என் வழக்கம். ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால் அந்த அம்மாள் இன்று உயிரோடு இருப்பார். அதன் பிறகு மேலாளரிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றார். நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஐயாவையும் விசாரிப்பீர்கள் என்று தெரியும். பாலில் என்ன இருந்தது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் பிரியமாகக் கொடுத்த பால் அது. இந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

(கையொப்பம்)