தெப்பத்தின் மயில் பலகையை நான் உடைத்த விவரம்

பெயர் வேல்குமார், வயது 41, தகப்பனார் பெயர் சிவசுப்பிரமணியம், திருப்பூர் நல்லூரில் குடியிருந்து வருகிறேன். பனியன் கம்பெனிகளுக்கு யுபிஎஸ், பேட்டரி மாட்டிக் கொடுப்பது என் தொழில். பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். தண்ணீர் மேல் மாட்டியது இதுவே முதல் தடவை.

சாமளாபுரத்துக்கு அருகில் என் மனைவியின் ஊர். அங்குள்ள முருகன் கோயில் தெப்பத்துக்கு வருடா வருடம் ஜெனரேட்டர்தான் வைப்பார்கள். அதன் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்பதில்லை என்று இந்த வருடம் என்னை யுபிஎஸ் வைக்கச் சொன்னார்கள். ஊர் மாப்பிள்ளை என்பதால் மறுக்க முடியவில்லை. தெப்பம் என்பது இரும்புப் பேரல்களைக் கட்டி மேலே பலகை அடித்த படகு. சாமி உட்காரும் மேடைக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து போகும் அளவு அறை உண்டு. வாசல் பின்பக்கம் மட்டுமே.

கடந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேட்டரிகளை அந்த அறைக்குள் வைத்து கேபிள் இணைத்தேன். தெப்பம் ஆடினால் பேட்டரி நகருமே என்று இடுக்குகளில் பனியன் வேஸ்ட்டை, அதாவது வெட்டி மிஞ்சிய துணியைத் திணித்தேன். திருப்பூர்க்காரன் புத்தி, எது ஆடினாலும் வேஸ்ட்டைத்தான் தேடும். கடைசி நட்டை முறுக்கும்போது ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். அந்த நட்டை மறந்தது நான்தான், இதில் வேறு யார் மேலும் பழி இல்லை.

அதன் பிறகு மேல்தளத்தில் இருந்த சுவிட்சைப் போட்டேன். சீரியல் பல்பு எல்லாம் எரிந்தது. கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் பின்பக்கம் போட்டிருந்த நடைப்பலகை வழியாக இறங்கி டீ குடிக்கப் போனேன்.

பத்து நிமிடம் கழித்து தெப்பத்தின் பின்பக்கம் கரும்புகை வந்தது. முறுக்காத நட்டில் பொறி கிளம்பி வேஸ்ட் பற்றியிருக்கிறது. கரையில் பூக் கட்டிக்கொண்டிருந்த மாரக்காள் என்பவர், "உள்ள சாமிங்க! உள்ள சாமிங்க!" என்று கத்தினார். விழாக் கமிட்டியைச் சேர்ந்த மகுடேஸ்வரன், "பதறாதீங்க அம்மிணி, சாமி கோயில்லதான் இருக்குது, சாயங்காலந்தான் எடுத்துட்டு வருவோம்" என்றார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். வெட்கமாக இருக்கிறது, நானும்தான் விட்டேன்.

உடனே மாரக்காள் தலையில் அடித்துக்கொண்டு, "கோயில் சாமி இல்லீங்க, நம்ம பேரல் கட்டற சாமிங்க!" என்றார். சாமியப்பன், வயது 72, தெப்பத்துக்குப் பேரல் கட்டுபவர், அவரை ஊரே சாமி என்றுதான் கூப்பிடும். பேட்டரியில் தண்ணீர் சிந்துகிறதா என்று பார்க்க உள்ளே போயிருக்கிறார்.

அதன் பிறகு, நடைப்பலகைப் பக்கம் புகையாக இருந்ததால், நான் குளத்தில் இறங்கி ஓடினேன். மார்பளவு தண்ணீர். ஏறியதும் சுவிட்சை அணைத்தேன். வாசல் முழுக்கப் புகை. அறையின் முன்பக்கத்தை அடைத்திருந்தது மயில் செதுக்கிய பலகை, மூன்று தலைமுறையாக ஊரே கும்பிடுவது. மேல்தளத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்தேன். "மாப்ள, மயில்ல கை வெக்காதீங்க!" என்று கரையிலிருந்து மகுடேஸ்வரன் கத்தினார். கேட்டது. மூன்று அடியில் உடைத்தேன். அக்குளில் கை கொடுத்து இழுத்தபோது ஒரு பேட்டரியைவிடக் கனம் குறைவாக இருந்தார். இருமவில்லை. நான் "முருகா, முருகா" என்று அழுதேன். அதன் பிறகு இருமினார். அந்த மகுடேஸ்வரனே தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அவரேதான் மறுநாள் பலகைக்காகப் புகாரும் கொடுத்தார். இரண்டும் அவர் கடமை.

இன்று காலை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாமியப்பன் என்னைக் கண்டதும், "ஏனுங்க மாப்ள, நட்டு ஆடுதுன்னு உங்களைக் கூப்பிட வாயத் தொறந்தா புகைதானுங்க உள்ள போச்சு! பதினெட்டு வருசமா என்னத்தைங்க முறுக்குனீங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கத் திட்டினார். அவர் திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது. திட்டுவதற்கு ஆள் இருக்கிறார். பலகைக்கு எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள், நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுவே, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) சி. வேல்குமார்