கிளிக்குக் கண் பட்ட வாரம்

அன்று எங்கள் முற்றத்தைச் சுற்றி இருந்தவர்கள் மூன்றே பேர். நான், எதிர்வீட்டில் இருக்கும் என் தங்கை காலியோ, என் மருமகள் ஸ்தமாதா. ஐந்து மாதக் கிளியையும் சேர்த்தால் நான்கு. விசாரிக்க வந்த அதிகாரி கிளியைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருக்க வேண்டும்.

சாம்பல் நிறம், சிவப்பு வால். துறைமுகத்தில் படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஆர்கிரிஸ் ஏதென்ஸிலிருந்து வாங்கிவந்து ஸ்தமாதாவுக்குக் கொடுத்தது. என் மகன் ஸ்திராதிஸ் சாலை விபத்தில் இறந்து அப்போது எட்டு மாதம். கிரேக்கத்தின் தென்கோடியில் எங்கள் மானி மலையூர்களில் விதவை உடுத்திய கறுப்பு அவளோடுதான் போகும். என் தாய் நாற்பத்தொரு வருடம் உடுத்தினாள். ஸ்தமாதா எட்டாம் மாதமே நீலப் பாவாடை கட்டினாள். ஈஸ்டருக்குப் பின் ஆர்கிரிஸை மணக்கப்போவதாக என்னிடமே சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நானும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அவள் அறையில் ஒரு விறகடுப்பு உண்டு. அதன் புகைபோக்கி மொட்டைமாடியில் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். அதன் வாயில் ஒரு செங்கல் வைத்தேன். அறை புகைந்தால் என் பக்கத்து அறைக்கு வந்துவிடுவாள், என் கண்பார்வையில் இருப்பாள் என்று நினைத்தேன். இதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அந்த வருடம் ஆலிவ் விறகு நன்றாகக் காய்ந்திருந்தது. புகை கண்ணுக்குத் தெரியவில்லை.

கிளிதான் முதலில் மாறியது. சூரியகாந்தி விதையைத் தொடவில்லை. பட்டப்பகலில் கம்பியை விட்டிறங்கிக் கூண்டின் தரையில் உட்கார்ந்தது. அலகு திறந்தே இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. அதுவரை அவள் தோளைவிட்டு இறங்காத பறவை, கையை நீட்டினால் கடித்தது.

காலியோ பார்த்தவுடன் கண் பட்டது என்றாள். "வர்றவன் போறவன் எல்லாம் அழகு அழகுன்னு வாயப் பொளந்தானுங்க. ஒருத்தனாவது தூ தூன்னு துப்புனானா?" கூண்டைத் தன் சமையலறைக்குக் கொண்டுபோனாள். கிண்ணத்துத் தண்ணீரில் எண்ணெய் மூன்று சொட்டு விட்டாள். சொட்டுகள் கலைந்து பரவின, கண்தான். மந்திரம் முணுமுணுத்து, கண் இறங்குவதற்கு அடையாளமாகக் கொட்டாவி விட்டு, கூண்டில் நீலமணி கட்டினாள். மாலைக்குள் கிளி விதை தின்றது. ஸ்தமாதாவின் அறைக்குத் திரும்பிய மறுநாளே மறுபடி சோர்ந்தது.

"ஆர்கிரிஸோட ஆத்தா கண்ணு இது. அவ பாத்தா பாலே திரிஞ்சு போவும்" என்றாள் காலியோ. மறுபடி எண்ணெய், மறுபடி குணம். அவள் கைராசியைப் பற்றி ஊரில் பேச்சாயிற்று. அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது. சிறுவயதில் நாங்கள் கரிமூட்டம் போட்டவர்கள். கொட்டகை உத்தரத்திலிருந்து குருவிகள் விழுந்தால் அப்பா எங்களை வெளியே இழுத்துப் போடுவார். அந்தக் காற்றுக்கு மணம் கிடையாது. பறவைக்கு முதலில், மனிதருக்குப் பிறகு.

சொல்லியிருக்கலாம் என்பீர்கள். ஞாயிறன்று ஆர்கிரிஸின் வீட்டார் இனிப்புத் தட்டோடு, ஊர் பார்க்க, என் வாசலுக்கு வர இருந்தார்கள். ஸ்திராதிஸின் படம் மாட்டிய கூடத்தில் அவர்களை உட்காரவைக்க வேண்டும்.

வியாழன் காலை மாடிக்கு ஒருமுறை ஏறி, வெறுங்கையோடு இறங்கினேன். மதியம், ஊர் கதவைச் சாத்திப் படுக்கும் நேரம், ஸ்தமாதா கூண்டோடு வந்து நின்றாள்.

"மாமா, இதப் பாருங்க, கழுத்தே நிக்க மாட்டேங்குது. எனக்கும் ரெண்டு நாளா தல விண்ணு விண்ணுனு வலிக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு போல" என்று சிரித்தாள்.

"நீ போய்ப் படும்மா. குளிரா இருக்கு, சன்னல நல்லா சாத்திக்க. இத நான் காலியோகிட்ட கொண்டுபோறேன்" என்றேன்.

போகுமுன் அவள் அடுப்பில் இரண்டு கட்டை கூடுதலாக வைத்தேன்.

காலியோ எண்ணெய் விட்டாள். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். ஐந்து மணிக்குக் கிளி கம்பியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகுதான் ஸ்தமாதாவை எழுப்பப் போனோம்.

இதை எழுதித் தரும்படி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. புகைபோக்கியில் செங்கற்களைப் பார்த்த பிறகு ஊர் ஒன்று பேசுகிறது: ஸ்தமாதாவே அடைத்துக்கொண்டாளாம், சாகத் துணிந்தவள் கிளியை மட்டும் முன்னதாக வெளியே அனுப்பிவிட்டாளாம். தன்னை மாய்த்துக்கொண்டவளுக்குத் திருச்சபையின் அடக்கம் கிடையாது என்று பாதிரியார் அவளை என் மகன் பக்கத்தில் அடக்கம் செய்யத் தயங்குகிறார்.

அது பொய். கிளியை வெளியே கொண்டுபோனது நான். இரண்டு செங்கற்களையும் வைத்தது நான். எங்கள் குடும்பத்தில் தற்கொலை செய்துகொண்டவர் எவரும் இல்லை.