முதல் லாந்தர்

ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானக் கண்காட்சி பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் ஒட்டுக் கேட்கவில்லை. பஸ்ஸில் அவ்வளவு நெருக்கம். முன் ஆசனத்தில், அதே கண்காட்சிக்கு வந்திருந்த ஒரு கடற்றொழிலாளியும் மனைவியும் இருந்தார்கள்.

“அந்தக் காலத்தில வெளிச்சத்தின்ரை வேகத்தை அளக்க லாந்தரோடை மலையேறின ரெண்டு பேருக்கும் விசர்,” என்றார் அவர்.

“ஏனப்பா? ஒருத்தர் லாந்தர் மூடியைத் திறக்கிறது, மற்ற மலையில நிக்கிறவர் அதைக் கண்டவுடனை தன்ரையைத் திறக்கிறது. நல்ல யோசினைதானே?”

“விளங்கப்படுத்தின பிள்ளை சொன்னதைக் கேக்கேல்லையே? வெளிச்சம் உடனை போயிடுமாம். மூடியைத் திறக்கச் சுணங்கினது மனுசன்தானாம்.”

“உங்களையும் உங்கடை தம்பியையும் போல.”

“என்ன கதை இது?”

“முந்தி கடலில ஆளையாள் கண்டவுடனை லாந்தர் காட்டுவியள். சண்டை பிடிச்சு வலையைப் பிரிச்ச பிறகு ரெண்டு வள்ளமும் பேசாமல் போகுது.”

“அவன் காட்டட்டும், நானும் காட்டுறன்.”

“அவரும் அப்பிடித்தான் சொல்லுறாராம். அந்த மலையில முதல் திறந்தது ஆர்?”

“எனக்கென்ன தெரியும்?”

“ஆரோ ஒருத்தர் திறந்திருக்கிறார். இல்லாட்டி ரெண்டு பேரும் விடியுமட்டும் இருட்டுக்குள்ளதான் நிண்டிருப்பினம்.”

அவர் வழிநெடுகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். புளியங்கூடலில் இறங்குவதற்கு எழும்பியபோது மனைவியிடம் கேட்டார்.

“வீட்டில மண்ணெண்ணெய் கிடக்கே?”