பிரஸ் மெஷினோட இடது பக்கம்

— இரும்புக்கு அம்மை போட்டா எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? இல்லேன்னா கிட்ட வந்து பாருங்க. அங்க பின்வாசல்லயே நின்னா எப்படித் தெரியும்? வாங்கக்கா, உங்க வீட்டுக்காரர் பட்டறைதானே, கூச்சம் எதுக்கு?

— முடிச்சிட்டீங்களா?

— முந்தாநாளே குழியை அடைக்கப் பட்டி இழுத்தாச்சு. நேத்து பூரா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். இதோ, மஞ்சள் மஞ்சளா புள்ளி தெரியுது பாருங்க, அவ்வளவும் குழி. ஒரு டப்பா பட்டியை அப்படியே முழுங்கிடுச்சு, ராட்சசன்! இப்போ தடவிப் பாருங்க, கல்யாண மாப்பிள்ளை கன்னம் மாதிரி இருக்கும். மதியம் பெயிண்ட். நாளைக்குக் காலைல வாங்கினவர் லாரி கொண்டாந்து ஏத்திட்டுப் போயிடுவார்.

— இடது பக்கமும் மூடிட்டீங்களா?

— அந்தப் பக்கம்தானே ரொம்ப மோசம். கூரை ஒழுகின பக்கம். ஒரு குழி விடல. பதினெட்டு வருஷக் கை இது, சும்மாவா? என்னக்கா, ஏன் தரையில உக்காந்துட்டீங்க? எண்ணெய்ப் பிசுக்கு, சேலை வீணாப் போகும்.

— போகட்டும்.

— தண்ணி தரவா?

— வேணாம். பட்டிக்காரரே, அதுல ஏழு குழி துரு இல்ல.

— பின்ன?

— என் பையன்.

— சொல்றது புரியலக்கா.

— ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் அவனை அவங்கப்பா இந்தப் பக்கத்துல முதுகை ஒட்டி நிக்க வெப்பார். தலை மட்டத்துல ஒரு கூர் ஆணி மாதிரி வெச்சு, சுத்தியலால ஒரு அடி.

— சென்டர் பஞ்ச்.

— அதான். சுவத்துல பென்சில்ல கோடு போட்டாப் போதாதான்னு கேப்பேன். பென்சில் அழிஞ்சிடும், இரும்பு அழியாதும்பார்.

— ஐயய்யோ. உங்க கொழுந்தனார்தானே வேலைக்கு வரச்சொன்னார்? அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— அவருக்கு ஞாபகம் இருக்காது. நான்தான் சொல்லியிருக்கணும். நேத்து பூரா நீங்க தேய்க்கற சத்தம் அடுப்படியில கேட்டுச்சு. ரெண்டு தரம் எழுந்து இந்த வாசல் வரைக்கும் வந்தேன். கால் தாண்ட மாட்டேன்னுடுச்சு. பத்து அடி தூரம். நான் இதுக்குள்ள வந்து ஏழு வருஷம் ஆச்சு.

— அழாதீங்கக்கா. அழியல, மூடித்தான் இருக்கு. சுரண்டினா வெளியில வந்துட்டுப் போகுது. எந்த ஓரம்?

— முன் விளிம்புல இருந்து ஒரு சாண் உள்ள. கீழ இருந்து பாருங்க. மொத வருஷம் அவனுக்கு நிக்கவே தெரியாது. நான் அக்குளைப் பிடிச்சுக்கிட்டேன். என் தொடை உசரம் இருக்கும்.

— இருங்க, ஊசியை எடுத்துக்கறேன். துரு தின்ன குழின்னா எலி கொறிச்ச ரொட்டி மாதிரி ஓரம் பிஞ்சிருக்கும். பஞ்ச் அடி அப்படி இல்ல, உருண்டையா நிக்கும். இது இல்ல. இதுவும் இல்ல. ஆங், இதோ! மொதல் ஆள் வந்துட்டார்.

— தொடலாமா?

— உங்க பிள்ளை, என்னைக் கேக்கறீங்களே.

— எவ்வளவு கீழ இருக்கு.

— ரெண்டாவது இங்க. மூணாவது... இதுல ஓரமா ஒரு சின்ன வெட்டு விழுந்திருக்கு. நாலாவதுலயும் இருக்கு. பஞ்ச் முனை உடைஞ்சிருக்கும்.

— நட்டு உடைச்சது. மூணாவது பொறந்த நாள் அன்னிக்கு, அடிக்கறதுக்கு முன்னாடி சிமெண்ட் தரையில போட்டான். வேற வாங்கலாமேன்னேன். என் மகன் கை பட்டது, இதுவே இருக்கட்டும்னார்.

— நட்டுவா?

— அவர் வெச்ச பேரு. ஒரு இடத்துல நிக்க மாட்டான், எங்க விட்டாலும் உருண்டு ஓடிடுவான். அளக்கறதுக்குள்ள அவருக்கு வேர்த்துடும். எக்கி நிப்பான் வேற. குதிகாலை அழுத்திப் பிடிக்கறது என் வேலை.

— கள்ளன்! அஞ்சு. ஆறு. பையனுக்கு என்னக்கா ஆச்சு?

— மூணு நாள் காய்ச்சல். எட்டு வயசாக ரெண்டு நாள் இருந்துச்சு.

— அண்ணன்கிட்ட வருஷக்கணக்கா டீ குடிச்சிருக்கேன். ஒரு நாளும் வாய் திறந்ததில்ல.

— திறக்க மாட்டார். தெருவே அழுதுச்சு, அவர் கண்ணுல ஒரு சொட்டு இல்ல. அடக்கம் பண்ணின மறுநாள் பட்டறையைத் திறந்துட்டார். வீடு முழுக்க சொந்தக்காரங்க உக்காந்திருக்காங்க, இவர் கையில எண்ணெயோட உள்ள வர்றார். உங்களுக்கு என்ன கல்லா நெஞ்சுன்னு கேட்டேன். அதுதான் நான் அவர்கிட்ட கடைசியாப் பேசினது.

— கடைசியான்னா?

— அப்புறம் பேசல. ஏழு வருஷம். சோத்தைப் போட்டு மூடி வெச்சிட்டு உள்ள போயிடுவேன். அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சிட்டுப் போவார். போன மாசம் அவரும் போய்ச் சேந்துட்டார். நெஞ்சு வலி. கல்லுன்னு சொன்னேன் இல்ல, அதேதான் நின்னு போச்சு.

— விடுங்கக்கா. இதோ ஏழு. உங்க ஏழும் பத்திரமா இருக்கு.

— இந்தப் பேப்பரை மேல வெச்சுப் பிடிங்க. பென்சிலால தேய்ச்சு எடுத்துக்கறேன்.

— பென்சில் அழியும்னு அண்ணன் சொன்னாராமே.

— என்கிட்ட இருக்கறது பென்சில்தானே.

— கொஞ்சம் நில்லுங்க. பேப்பரை எடுங்க. இதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு.

— அது துருவா இருக்கும்.

— உருண்டையா இருக்குக்கா.

— ஏழுதான். எனக்குத் தெரியாதா? நான்தானே காலைப் பிடிச்சேன்.

— கோவிச்சுக்காதீங்க. ஓரத்துல அதே வெட்டு இருக்கு, விரல் வெச்சுப் பாருங்க. இதுக்கு மேல இங்க ஒண்ணு. இருங்க, ஊசி இறங்குது... இதோ பத்து.

— என்ன சொல்றீங்க நீங்க?

— பதினொண்ணு. அந்த ஸ்டூலைத் தள்ளுங்க. பன்னெண்டு. எல்லாம் நேர் கோட்டுலதான் போகுது. அதே பஞ்ச், அதே கை.

— அவர் வேற எதுக்காவது அடிச்சிருப்பார். மெஷின் வேலைக்கு.

— இந்த இடத்துல மெஷினுக்கு என்ன வேலை? நீங்களே பாருங்க. ஏழு வரைக்கும் இடைவெளி ஒண்ணுக்கொண்ணு சேரல. ஒரு வருஷம் அஞ்சு விரல், ஒரு வருஷம் மூணு. பிள்ளைங்க அப்படித்தானே வளரும். எட்டுல இருந்து பாத்தீங்கன்னா மூணு விரல், மூணு விரல், மூணு விரல். அளந்து வெச்ச மாதிரி.

— அளக்க ஆள் இல்லையே.

— ஆமாக்கா.

— மிச்சத்தையும் பாருங்க.

— பதிமூணுல மட்டும் ஒரு எம்பு எம்பியிருக்கு.

— கொழுந்தன் அந்த வயசுலதான் திடீர்னு வளந்தார். வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அதை நெனச்சு அடிச்சிருக்கார்.

— பதினாலு. பதினஞ்சு. அதுக்கு மேல எதுவும் இல்ல. கடைசிக் குழியில துருவே ஏறல, உள்ள பளபளங்குது. இந்த வருஷம் அடிச்சது.

— ரெண்டு மாசம் முன்னாடி. பதினஞ்சு முடிஞ்சிருக்கும் அவனுக்கு. என்னைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க.

— மெதுவா. எங்க நிக்கறீங்க?

— இப்படி முதுகை ஒட்டி நிக்கறேன். கடைசிப் புள்ளி என் தலைக்கு எங்க இருக்கு?

— மேலக்கா. நாலு விரல் மேல.

— என்னை விட வளந்துட்டானா?

— வளந்துட்டான்.

— இந்தப் பதினஞ்சுக்கும் திரும்பப் பட்டி போடாதீங்க. பெயிண்ட் மட்டும் அடிங்க.

— வாங்கறவர் என்ன இது ஓட்டைன்னு கேப்பாரே.

— அம்மைத் தழும்புன்னு சொல்லுங்க.

— சொல்றேன். அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அந்த எட்டாவது. அதை எப்போ அடிச்சிருப்பார்?

— அடக்கம் பண்ணின மறுநாள்தான் நட்டுவுக்குப் பொறந்த நாள். காலைல ஆறு மணிக்குப் பட்டறையில சுத்தியல் சத்தம் கேட்டுச்சு. ஒரே ஒரு அடி. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.