ஒத்தக் கைக்கு வர்ற ட்ரே

இல்ல தம்பி, அவ்வளவு ஒசரம் வேணாம். இன்னும் கீழ எறக்குங்க. நான் நின்னுக்கிட்டு எடுக்கிறதுக்கு இல்ல இது, அவரு உக்காந்து எடுக்கணும். இந்த மடக்கு நாற்காலிய, இந்த வீட்டு வண்டிக்கு அடியில இருக்கிற டிக்கி வாசல்ல போட்டு, அதுல உக்காந்தபடியே வலது கைய நீட்டி இழுத்தா ட்ரே முழுசா வெளிய வந்து நிக்கணும். ஒத்தக் கை தான். இன்னொரு கை விழாம எதையாவது புடிச்சுக்கணுமே. இருங்க, நானே உக்காந்து காட்டறேன். என் கை இவ்வளவு எட்டுது பாருங்க. ஆர்வில் கை இதவிட நீளம். நீளம் இருந்து என்ன, நான் இழுக்கிறதுல பாதி பலம் கூட இப்ப இல்ல.

ஆர்வில்னா எங்க வீட்டுக்காரரு. பக்கத்து வண்டில குடியிருக்கிற டென்னியோட சீட்டாடப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள அளவெல்லாம் எடுத்து முடிச்சிடுங்க. வந்தாருன்னா உங்க தலைமாட்டுல உக்காந்துக்குவாரு. அங்க துளை போடாத, இங்க போடுன்னு உயிர எடுப்பாரு. மினசோட்டால காலமெல்லாம் ஜல்லி லாரி ஓட்டின மனுஷன். சக்கரம் வெச்சது எதுவா இருந்தாலும் அவருக்குத்தான் தெரியும்.

ஃபோன்ல சொன்னேன்ல, கனமான சாமான்னு. இந்தப் பெட்டிங்கதான். ஒண்ணத் தூக்கிப் பாருங்க. பாத்து, இடுப்பு புடிச்சுக்கப் போகுது. இல்ல, குடிக்கிற தண்ணி இல்ல. டயாலிசிஸ் தண்ணி, பை பையா உள்ள இருக்கு. அவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு தம்பி. வயித்துல ஒரு குழா வெச்சிருக்காங்க. ராத்திரி படுக்கிறப்ப அதக் கொண்டுபோயி மிஷின்ல மாட்டிட்டா, விடிய விடிய அது இந்தத் தண்ணிய உள்ள விட்டு, அழுக்கோட திரும்ப எடுத்துக்கும். காலையில கழட்டிட்டு ராஜாவாட்டம் எந்திரிச்சு வருவாரு. ஆஸ்பத்திரில போயிப் படுத்துக் கிடக்க வேணாம், அதனாலதான் இப்படி ஊர் ஊரா வண்டியோட திரிய முடியுது. எங்க நிக்கிறோம்னு சொல்லிட்டா கம்பெனிலேர்ந்து லாரில கொண்டாந்து எறக்கிடறாங்க. இந்தக் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்கே வர்றாங்கன்னா பாத்துக்கங்க. அந்த டிரைவர் தங்கமான ஆளு, டிக்கிக்குள்ளயே அடுக்கி வெச்சுட்டுத்தான் போவாரு. வைக்கிறதுல கஷ்டமில்ல. எடுக்கிறதுலதான்.

எப்படி எடுக்கிறேன்னா? அந்தா சாத்தி வெச்சிருக்கேன் பாருங்க, வெயில் மறைப்ப எறக்கிற கம்பி, முனையில கொக்கி இருக்குல்ல, அதுதான். முட்டி போட்டு, பாதி ஒடம்ப உள்ள விட்டு, கொக்கியப் பெட்டியில மாட்டி இழுக்க வேண்டியது. ஜல்லிக்கல்லுல முட்டி போட்டுப் போட்டு ரெண்டு முட்டியும் வீங்கிப்போச்சு. மணிக்கட்டும் போச்சு. அதான் அவருக்கு வாட்டமா வைக்கச் சொல்றேன். நீங்க அந்தப் பக்கத்து அளவையும் பாருங்க, என் கதை கிடக்கட்டும்.

உங்களுக்குத் தெரியாததா, எத்தன வண்டி பாத்திருப்பீங்க. இப்படி வண்டியிலயே குடியிருக்கிற எங்க கூட்டத்துல வெளி வேலையெல்லாம் ஆம்பளைக்கு, உள் வேலையெல்லாம் பொம்பளைக்கு. தண்ணிக் குழா மாட்டறது, கழிவுத்தண்ணி தெறந்து விடறது, டயரு, டிக்கி, எல்லாம் அவரு. எனக்கு அடுப்பு, துணி, படுக்கை. யாரும் எழுதி வைக்கல, ஆனா எந்த வண்டிக்குப் போங்க, அப்படித்தான் இருக்கும். டிக்கி சாவியே பல வருஷம் என்கிட்டக் கெடையாது. ஒருநாள் மழையில கொடை எடுக்கலாம்னு நானே டிக்கியத் தெறந்துட்டேன். எதுக்குக் கை வெச்சேன்னு அன்னிக்கு முழுக்க மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தாரு. கிட்னி போனதும் வெளி வேலை அப்படியே என் தலையில வந்து விழுந்துச்சு. அவரு இந்த நாற்காலியப் போட்டுக்கிட்டு, மெதுவா, மெதுவா, குழாய முறுக்காதன்னு சொல்லுவாரு. ஆனா உள் வேலைல ஒண்ணு கூட அந்தப் பக்கம் போகல. நகரவே இல்ல.

இப்பக் கொஞ்ச நாளாத்தான் நகர்த்திட்டு வர்றேன். முட்டை அவிக்கக் கத்துக்கிட்டாரு. கொஞ்சம் கல்லு மாதிரிதான் அவிப்பாரு, தின்னலாம். மிஷினயும் இப்ப அவரே மாட்டிக்கிறாரு. கைய நல்லா தேச்சுக் கழுவி, மொகத்துக்கு மாஸ்க்கப் போட்டு, குழா முனை எதுலயும் படாம. அழுக்கு பட்டுச்சுன்னா வயிறு சீழ் புடிச்சுடும். நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருப்பேன், வாயத் தெறக்க மாட்டேன். தானே பண்ணிப் பழகணும்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். டாக்டரம்மா அப்படி ஒண்ணும் சொல்லல. நான் சொன்னா கேக்க மாட்டாரே.

அதுவா? சிரிக்காதீங்க. அது அவரு போட்ட ட்ரேயோட மிச்சம். சமையலறை டிராயர் ஓடுற சேனலக் கழட்டி, பலகையில அடிச்சு, தகரத்துல ஸ்க்ரூ வெச்சு முறுக்கிவிட்டாரு. தட்டு முட்டு கரண்டி தாங்குற சேனல் இத்தன பெட்டியத் தாங்குமா? ஏங்க, யாரையாவது கூப்பிட்டுப் போடலாம்னேன். நான் லாரியில எத்தன டன் ஏத்தியிருக்கேன் தெரியுமான்னாரு. லாக்குக்குப் பதிலா ஒரு ரப்பர் கயிறு கட்டினாரு. போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், யூமாலேர்ந்து வந்துக்கிட்டிருக்கோம். ஒரு வளைவுல வண்டி திரும்பிச்சு. கயிறு அறுந்து, டிக்கிக் கதவ இடிச்சுத் தெறந்துக்கிட்டு, ட்ரேயோட பெட்டி பூராவும் ரோட்டுல. இவரு கண்ணாடில பாத்துட்டு, பாரு மார்லிஸ், எவனோ சாமானக் கொட்டிக்கிட்டுப் போறான்னு சிரிக்கிறாரு. எவனோ இல்ல, நாமதான்.

பின்னாடி வந்த லாரி ஏறிப் போனதுல பை எல்லாம் வெடிச்சுடுச்சு. ரோடு பூரா ஈரம். நல்ல நாள் லீவு வேற, அடுத்த பெட்டி வரதுக்கு லேட்டாயிடுச்சு. அந்தக் கொஞ்ச நாள்லயே காலு தூண் மாதிரி ஆயிடுச்சு அவருக்கு. படுக்க முடியல, உக்காந்துக்கிட்டே தூங்கினாரு. மூச்சு உள்ள போறப்ப தண்ணிக்குள்ள ஊதுற மாதிரி ஒரு சத்தம். ஆம்புலன்ஸ்ல கொண்டுபோயிக் காப்பாத்தினாங்க. அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுது, இந்தப் பெட்டி கைக்கு எட்டலன்னா இவரு ஒரு வாரம் தாங்க மாட்டாருன்னு.

அதனாலதான் லாக்கு விஷயத்துல இவ்வளவு நச்சரிக்கிறேன். உள்ள தள்ளினதும் தானா விழணும். வெளிய வந்து நின்னதும் விழணும். நெலம் எப்பவும் மட்டமா இருக்காதுல்ல, சரிவுல நின்னா ட்ரே அவரு மடியிலயே வந்து மோதும். போல்ட்ட வண்டிச் சட்டத்துலயே போடறீங்களா? கீழ இரும்புப் பட்டை வெச்சா? ரொம்ப நல்லது. தகரத்த நம்பாதீங்க.

வீடா? இருந்துச்சு. வித்துட்டுத்தான் இந்த வண்டிய வாங்கினாரு. இல்ல, பிள்ளைங்க இல்ல. எனக்கு அக்கா ஒருத்தி இருந்தா, ஆர்டிஸ்னு பேரு. மினசோட்டாலயே ஃபர்கஸ் ஃபால்ஸ்ல, ரோட்டு மொனையில மஞ்ச வீடு. போன வருஷம் ஜனவரில அவளுக்கு ஒடம்பு ரொம்ப முடியலன்னு அவ பொண்ணு ஃபோன் பண்ணிச்சு. வடக்க போலாங்கன்னேன். அந்தக் குளிருல வண்டிக்குள்ள தண்ணிக் குழாயெல்லாம் ஒறைஞ்சு வெடிக்கும்னாரு. நெசந்தான், பொய் சொல்லல. சரி, நான் மட்டும் ப்ளேன்ல போயிட்டு வந்துடறேன்னேன். அவரு கோவப்படல. காபியக் கலக்கிக்கிட்டே, நீ போயிட்டா பெட்டிய யாரு எடுத்துத் தருவான்னு கேட்டாரு. அவ்வளவுதான். இருந்துட்டேன்.

அக்கா போயிட்டா. எங்க ஊர்ப்பக்கம் அந்த மாசத்துல மண்ணு கல்லா இறுகிடும் தம்பி, குழி தோண்ட முடியாது. அதனால ஒடம்பு இருக்கிற பெட்டிய அப்படியே வெச்சிருந்து, பனி உருகினப்புறம்தான் பொதைப்பாங்க. எனக்காக அவ காத்துக்கிட்டிருக்கான்னு நெனைச்சுக்கிட்டேன். வசந்தம் வந்ததும் போயிடலாம்னு அவரும் சொன்னாரு. ஏப்ரல்ல வண்டியக் கெளப்பினாரு. நெடுஞ்சாலை பிரியிற எடத்துல வடக்க போகாம மேற்க திருப்பிட்டாரு. ஓரிகன்ல மீன் நல்லா விழுதாம். போனவ போயிட்டா, இனி அங்க போயி என்ன பண்ணப்போறன்னு கேட்டாரு. அக்கா பொண்ணு ஃபோன் வீடியோல நேராக் காட்டிச்சு, அடக்கத்த அதுலதான் பாத்தேன். குழியில எறக்கிறப்ப சிக்னல் போயிடுச்சு.

அவரு கெட்டவருன்னு நான் சொல்ல வரல. அன்னிக்கு சாயங்காலம் எங்கயோ தேடி அலைஞ்சு எனக்குப் புடிச்ச பீச் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தாரு. அவருக்குத் தெரிஞ்ச ஆறுதல் அது. நானும் தின்னேன். தின்னுக்கிட்டே இந்த டிக்கியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

முடிஞ்சுதா? வேகமாத்தான் வேலை பாக்கறீங்க. பெட்டிய அடுக்கிடலாம். வெறும் ட்ரேய இழுத்துப் பாக்கக் கூடாது, பாரம் முழுசா ஏத்தித்தான் பாக்கணும். அந்தப் பெட்டியத் தெறந்து மேலாக்க வைங்க, பை கைக்கு வரட்டும். அந்தா வர்றாரு பாருங்க, தோத்துட்டாரு போல, நடையிலயே தெரியுது.

வாங்க, வாங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க. இல்லங்க, துளையெல்லாம் அவரு சரியாத்தான் போட்டிருக்காரு, நீங்க உக்காருங்க. காலக் கொஞ்சம் அகட்டி வெச்சுக்கங்க. இடது கையால அந்தக் கம்பியப் புடிச்சுக்கங்க. நான் தொட மாட்டேன், கையப் பின்னாடி கட்டிக்கிட்டேன் பாருங்க. கைப்பிடிய மேல தூக்கி இழுங்க. எழுந்துக்காதீங்க. உக்காந்தபடியே. ம்ம். இன்னும் கொஞ்சம். வந்துடுச்சு. பைய எடுத்து மடியில வைங்க. இப்ப தள்ளுங்க. லாக்கு விழுந்த சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு? கேட்டுச்சா? எங்க, இன்னொரு தரம். எனக்காக.

சரி, சரி, உள்ள போயிக் காபி போடுங்க. ஆமா, நீங்கதான் போடணும்.

போயிட்டாரு. போறப்ப என்ன சொன்னாருன்னு கேட்டீங்கல்ல? இனிமே எனக்கு நீ எதுக்கு கெழவின்னு கேட்டாரு. வெளையாட்டுக்குத்தான் தம்பி, கண்ணடிச்சாரு பாருங்க. இவ்வளவு சந்தோஷமா அவரப் பாத்து ரொம்ப நாளாச்சு. ஒண்ணும் இல்ல, மணலு. கண்ணுல மணலு.

நீங்க திரும்பி ஃபீனிக்ஸுக்குத்தானே போறீங்க? அந்த ட்ரில் பெட்டியக் கொஞ்சம் பின்னாடி நகத்திட்டீங்கன்னா முன் சீட்டுல எனக்கு எடம் போதும். என்னை ஏர்போர்ட்டுல எறக்கிவிட்டா போதும். பையெல்லாம் இல்ல, இந்தத் தடிச்ச கோட்டு ஒண்ணுதான், அங்க இன்னும் பனி கிடக்காம். அக்கா வீட்டு சாவி அவ பொண்ணுகிட்ட இருக்கு. ஒரே எடத்துல நிக்கிற வீடு.

சொல்லல. சொன்னா வேணாம்னு சொல்ல மாட்டாரு. காபியக் கலக்கிக்கிட்டே ஏதாவது ஒண்ணு கேப்பாரு, நான் திரும்பவும் இருந்துடுவேன். டென்னிக்குத் தெரியும். காலையில காலையில வந்து எட்டிப் பாப்பாரு. ஏன் அப்படிப் பாக்கறீங்க? பெட்டி எட்டுச்சுல்ல, நீங்களே பாத்தீங்கல்ல, ரெண்டு தரம்.

அந்தப் போல்ட்ட மட்டும் இன்னொரு வாட்டி முறுக்கிப் பாத்துடுங்க தம்பி. அப்புறம் கெளம்பலாம்.